லோனாவாலா ஏறாத வண்டி

டீசல் வண்டி வாங்கப் போகிறேன் என்று எனக்குப் போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜைப் பற்றித்தான். "அண்ணாச்சி, வாரா வாரம் பூனா போய்ட்டு வரணும். பழைய டீசல்ல எது நல்லா குடுக்கும்?" என்பார்கள். வண்டி ஏதோ கறவை மாடு போலவும் லிட்டருக்கு இவ்வளவு என்று கறந்துவிடலாம் போலவும் இருக்கும் அந்தக் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அந்த வண்டி இதுவரைக்கும் எங்க ஓடிச்சு?" பாதிப் பேர் இதற்கே சலித்துப்போய் போனை வைத்துவிடுவார்கள்.

சென்ற மாதம் பழைய கார் விற்கும் கம்பெனி ஒன்றில் வண்டி சோதிக்கும் வேலையில் இருக்கும் மூன்று பேர் திலக் நகரில் என் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் தாராவித் தமிழர் வீட்டுப் பிள்ளைகள். கையில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் இன்ஜினின் ஜாதகத்தையே திரையில் காட்டுகிறது. புகைக்குழாய்க்குள் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக்கூடச் சொல்கிறது. இது இல்லாத காலத்தில் எப்படி வண்டி பார்த்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். "லேகின் அங்கிள், தமிழ்ல எழுதினா எங்களுக்குப் படிக்க வராது" என்று ஒருவன் உண்மையைச் சொன்னான். எனக்கு எழுத வருவது தமிழில்தான். படிக்கத் தெரிந்தவர் யாராவது அவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

என் பெயர் சுடலை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்தவன். வெல்டிங் பட்டறை, டாக்சி கழுவும் இடம், டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடை என்று சில வருஷங்கள் கரைந்தன. அவற்றைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கை கறுத்தது, வயிறு நிறையவில்லை. தொழில் என்று எனக்கு ஒன்று அமைந்தது, தாராவி அறுபதடி ரோட்டில் காதர் பாயின் பட்டறையில் சேர்ந்த பிறகுதான்.

காதர் பாய்க்கு ஊர் கடையநல்லூர். பட்டறை முதலாளி என்றாலும் எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதில் ஒரு எண்ணெய்ப் பொட்டை நான் பார்த்ததில்லை. பழைய டீசல் வண்டி வாங்க நினைக்கும் தாராவிக்காரர்களும் செம்பூர்க்காரர்களும் முதலில் அவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள். காலையில், விற்கிறவர் பல் துலக்கி முடிக்கும் முன்னே போய் நிற்பார். ஒரு வார்த்தை பேசாமல் பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பது போல இருக்கும். சூடு தெரிந்தால் கையை எடுத்துவிட்டு, "நாளைக்கு வர்றேன். வண்டிய எழுப்பாம வைங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். கெட்ட டீசல் இன்ஜின் தன் நோயைக் காட்டுவது குளிர்ந்து கிடந்து எழும்போதுதான். விற்கிறவன் அதைத் தெரிந்துகொண்டு முன்னாலேயே ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பான்.

வண்டி குளிர்ந்திருந்தால் நான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவர் பின்னால் போய் நின்று புகையைப் பார்ப்பார். அடுத்தது எண்ணெய் ஊற்றும் மூடி. இன்ஜின் ஓடும்போதே அதைத் திருகி எடுத்து, தலைகீழாக அதே துளையின் மேல் சும்மா வைக்கச் சொல்வார். மூடி லேசாக நடுங்கினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தால் உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். விழுந்த மூடியை எடுத்து மாட்டிவிட்டு, விற்கிறவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு வந்துவிடுவார். மட்டமான வண்டி என்று யார் முகத்துக்கு நேரேயும் சொல்ல மாட்டார். வெளியே வந்ததும் வாங்க வந்தவரிடம், "எம் புள்ளைக்குன்னா வாங்க மாட்டேன்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அந்த வண்டியை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஹைவேக்கு வண்டி வேண்டும் என்கிறவர்களுக்கு அவர் வைத்திருந்த சட்டம் தனி. மைலேஜ் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். சின்ன டீசல் இன்ஜின், நீளமான மேல் கியர், டயரில் சரியான காற்று, மேலே கேரியர் இல்லாத கூரை, விரட்டாத கால் – இவை இருந்தால் எந்த வண்டியும் நீண்ட ரோட்டில் சிக்கனமாகத்தான் ஓடும். ஆனால் அந்த வண்டி ஏற்கெனவே நீண்ட ரோட்டில் ஓடிப் பழகியிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி சொல்லித் தந்தார். முன்பம்பரிலும் கண்ணாடியிலும் கல் தெறித்த பொட்டுகள் இருந்தால் அது ஹைவே வண்டி. ஓரங்களில் கீறல் இருந்தால் ஊருக்குள் ஓடிய வண்டி. வாங்க வருகிறவர்களோ பொட்டும் கீறலும் இல்லாத முகத்தைத் தேடுவார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியாக ஒன்று உண்டு. வண்டியைப் பூனா எக்ஸ்பிரஸ்வேயில் ஓட்டிப் போய், காட் என்கிற மலை ஏற்றம் ஏறி, லோனாவாலாவில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி வர வேண்டும். அந்த ஓட்டம் முடியாமல் ஹைவேக்கு என்று வாங்கும் எந்த டீசலையும் அவர் நல்லது என்று சொன்னது கிடையாது. ஊருக்குள் எத்தனை அழகாக ஓடினாலும் ஏற்றத்தில் வாய் திறக்கும் வண்டிகள் உண்டு. அப்படித் திறந்த வாய்கள் பலவற்றை நானே பார்த்திருக்கிறேன். பாதி ஏற்றத்தில் கொதித்த வண்டி, புகையால் பின்னால் வருகிறவனைக் குருடாக்கிய வண்டி. அவற்றையெல்லாம் விற்றவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு ஷேர் டாக்சியில் ஊர் வந்து சேர்ந்திருக்கிறோம்.

இந்தப் புது மாதிரி டீசல்கள் வந்தபோது புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டியும் கூடவே வந்தது. நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடினால் அது சூடேறித் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பக்கத்துத் தெருவுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டுமே ஓடினால் எரிக்க நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொண்டே வரும். அதனால் பழைய பெட்ரோல் வண்டி வாங்குகிறவன் தேடும் லட்சணங்கள், வயதானவர் வைத்திருந்தது, கொஞ்சமே ஓடியது, மெதுவாக ஓட்டியது, எல்லாம் இந்த டீசலுக்கு விஷம். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது; காதர் பாயும் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவரில்லை. ஆனாலும் அவருடைய லோனாவாலாச் சட்டம் இந்த நோயையும் பிடித்துவிடும். பிடித்திருக்கும்.

என் தங்கை பேச்சியின் கணவன் இசக்கிமுத்து. செம்பூரிலிருந்து பூனாவுக்கு ஷேர் வண்டி ஓட்டியவன். முதலில் ஓட்டிய பழைய காரை வாங்கிய அன்றே நாசிக்குக்கு ஒரு சவாரி போனான். சில மாதத்தில் பன்வேல் பக்கம் அது புரண்டு, இவன் காலில் கம்பி வைக்க வேண்டியதாயிற்று. சாமி கண்ணில் காட்டாமல் ஓட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்று பேச்சி மனதில் எழுதி வைத்துக்கொண்டாள். எங்கள் ஆட்களில் இது ஒரு வழக்கம். பம்பாயில் வண்டி வாங்கினால், வெளியூருக்கு அதன் முதல் ஓட்டம் குலசாமி கோயிலுக்குத்தான். இசக்கி வீட்டுச் சாமி, ஊரில் பனங்காட்டு ஓரத்தில் வெட்டவெளியில் நிற்கும் சுடலைமாடன். அடுத்த வண்டி எடுத்ததும் நேரே மாடனிடம் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு வெண்கல மணியும் கட்டுவதாக அவள் நேர்ந்துகொண்டாள்.

கால் தேறி அவன் மறுபடி வண்டி தேடியபோது ஆனி மாதம் முடியப் போகிறது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீடுகளில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். மாடனுக்குக் கொடைத் திருவிழாவோ ஆடியில்தான். அதனால் ஆனிக்குள் வண்டி கைக்கு வந்தாக வேண்டும். பூனா ரோட்டுக்குச் சிக்கனமான டீசல் வேண்டும் என்று நாங்கள் அலைந்தோம். கிடைத்தது மாட்டுங்காவில் ஒரு பெரியவருடைய கார்.

மூன்றாவது மாடியில் வீடு. ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு இருந்தார். இனி ஓட்ட முடியவில்லை, கண் சரியில்லை என்றார். காரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். காதர் பாய் துணியை விலக்கி உள்ளங்கையை வைத்தார். குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் முனகாமல் எழுந்தது. புகை இல்லை. மூடி லேசாக நடுங்கியதோடு சரி. விற்கப்போகிறோமே என்று பெரியவர் எண்ணெயைக்கூடப் புதிதாக மாற்றி வைத்திருந்தார். அப்போது எங்களிடம் இருந்த சாதாரணக் கருவியைச் சொருகிப் பார்த்தேன்; கரிக் கணக்கெல்லாம் அதில் தெரியாது. ஒரு குறையும் காட்டவில்லை. கல் பொட்டு ஒன்றுகூட இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தது முன்பக்கம். பாய் அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்.

"ஹைவேல ஓடியிருக்கா சார்?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை கூடப் போனதில்லே" என்றார் பெரியவர், பெருமையாக. "மாட்டுங்காவை விட்டு வெளில எடுத்துண்டே போனதில்லைன்னு வெச்சுக்கோங்கோளேன். கோவில், மார்க்கெட், எப்பவாவது தாதர். அவ்வளவுதான்."

கூட வந்திருந்த பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோயிலுக்கு மட்டுமே ஓடுன வண்டிண்ணே. நமக்குன்னு மாடன் எடுத்து வச்சிருக்காரு" என்றாள். கால் ஒடிந்த நாளிலிருந்து அவள் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு அன்று இருந்தது.

லோனாவாலா வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பாய் கேட்டார். பெரியவர் மிரண்டுவிட்டார். "பேர் மாத்திண்டப்புறம் எங்க வேணும்னாலும் ஓட்டிக்கோங்கோ. என் பேர்ல இருக்கறச்சே காட் ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் என்னைன்னா தேடிண்டு வருவான்? இந்த வயசுல எனக்கு அதெல்லாம் தாங்காது." அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. மாட்டுங்காவுக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்ற அனுமதித்தார். பூப்போல ஓடியது. ஆனி முடிவதற்குள் வேறு வண்டி கிடைக்காது என்று இசக்கி அதையே எடுத்துவிட்டான்.

பெயர் மாறிய அன்று நான் இசக்கியிடம், "மாப்ள, இன்னைக்கே நான் லோனாவாலா ஏறிட்டு வந்துருதேன். சாவியக் குடு" என்றேன். பேச்சி குறுக்கே வந்தாள்.

"சாமி கண்ணுல காட்டாம எங்கயும் போவக் கூடாதுண்ணே. போன வண்டிக்கு என்ன ஆச்சுன்னு நீயே பாத்தேல்லா? திரும்பவும் அவரு கால ஒடிச்சுப் பாக்கணுமா ஒனக்கு?"

இசக்கி சிரித்தான். "அவ பேச்சத் தட்ட முடியாது மச்சான். பூனா ரோடு நான் ஓட்டாத ரோடா? ஊருக்குப் போற வழியிலதான லோனாவாலா கெடக்கு, ஏறித்தான போறோம். அதையே உங்க டெஸ்ட்டுன்னு வச்சுக்கிடுங்க."

வாங்குவதற்கு முன்னால் பெரியவர் விடவில்லை. வாங்கிய பிறகு என் தங்கை விடவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தில் எங்கள் சட்டம் விழுந்துவிட்டது. காதர் பாயிடம் போய்ச் சொன்னேன். "ஓட்டிப் பாக்காத வண்டிய நல்லதுன்னு சொல்ல மாட்டேன், சுடலை. கெட்டதுன்னு சொல்றதுக்கும் எங்கிட்ட ஒண்ணுமில்ல. உன் தங்கச்சி நேர்ச்சைக்கு நடுவுல நான் எப்படிப் பேசுறது? துஆ செய்யிறேன்" என்றார்.

ஆடி பிறந்து, கொடைக்குப் புறப்பட்ட நாளில் விடாத மழை. விடியற்காலையில் பிள்ளையார் கோயில் முன்னால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். காதர் பாய் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வழக்கம் போல பானட்டில் கையை வைத்து, "நல்லா எந்திரிக்குது" என்று மட்டும் சொன்னார். டிக்கியில் மணி, வெண்கலப் பானை, கொடைக்கு எடுத்த துணிகள், சொந்தக்காரர்களுக்குக் கொண்டுபோகும் சாமான்கள். அடியில் எங்கோ அந்தச் சிவப்பு முக்கோணப் பலகை கிடந்தது. வண்டி நின்றால் பின்னால் வைப்பதற்காகக் கம்பெனிக்காரனே கொடுப்பது. அதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பட்டறை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது இசக்கி போன் செய்தான். குரலில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"மச்சான், வண்டி இழுக்க மாட்டேங்குது. ஆக்சிலேட்டர மிதிச்சா அப்படியே நிக்கி. பன்வேல்லயே ஒரு மஞ்ச லைட் எரிஞ்சிச்சு. பூனாவுல காட்டிக்கிடலாம்னு வந்துட்டேன். இப்ப இன்னொண்ணும் எரியுது."

அவன் ஓட்டிய பழைய வண்டிகளில் விளக்கு என்று எரிந்தால் ஆயுள் முழுக்க எரியும். அதை யார் பொருட்படுத்துவார்கள்? எங்கே நிற்கிறாய் என்றேன். காட் ஏற்றத்தில், வளைவு தாண்டி, இடது ஓரத்தில் என்றான். ஒதுங்க இடம் இல்லை, மேகம் ரோட்டிலேயே படுத்திருக்கிறது, முன்னால் போகிற வண்டிகூடத் தெரியவில்லை என்றான்.

"மாப்ள, வண்டி கெடக்கட்டும். ரெண்டு பேரும் எறங்கி, கம்பி வேலியத் தாண்டி அந்தப் பக்கம் போங்க. இப்பவே போங்க" என்று கத்தினேன்.

"பேச்சிய எறக்கி விட்டுட்டேன் மச்சான். வேலிக்கு அந்தப் பக்கம்தான் நிக்கா. பின்னால வாரவனுக்கு ஒண்ணும் தெரியாதே. ஒரு பலகையாவது வச்சிட்டு வந்துருதேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டான். அணைக்கவில்லை. பானை இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு மணியைத் தூக்கி ரோட்டில் வைத்திருக்க வேண்டும்; ஒருமுறை கணீரென்றது. பலகை அதற்கும் அடியில் இருந்தது. டிக்கிக்குள் அவன் குனிந்திருந்தபோது பின்னாலிருந்து வந்த டிரெய்லர் லாரிக்கு அவனையும் தெரியவில்லை, காரையும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கேட்ட குரல் பேச்சியுடையது. அதை நான் எழுதப்போவதில்லை.

நானும் பாயும் போய்ச் சேர்ந்தபோது மேகம் விலகி வெயில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. காரின் பின்பாதி என்று ஒன்று இல்லை. முன்பாதி அப்படியே இருந்தது, கல் பொட்டு ஒன்றுகூட இல்லாமல். காதர் பாய் அதன் அருகே போனார். கையை நீட்டினார். தொடாமலே திரும்பிவிட்டார். அவர் சட்டையில் அன்றுதான் முதல் முறையாகச் சேற்றைப் பார்த்தேன்.

சில வாரம் கழித்துப் போலீஸ் விடுவித்த பிறகு, அந்த இன்ஜினை நானே திறந்து பார்த்தேன். யாரும் திறக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. வடிகட்டி மட்டும் கரியால் கல்லாக அடைத்திருந்தது. வருஷக்கணக்காகக் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வந்த கரி. மூச்சு விட முடியாமல் போனால் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

யார் தப்பு என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். நான் தேடிப் பார்த்துவிட்டேன். வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது மாட்டுங்காப் பெரியவர் தப்பா? புருஷனின் கால் ஒடியக் கூடாது என்று நேர்ந்துகொண்டது தப்பா? முன்பின் தெரியாதவன் வந்து மோதிவிடக் கூடாதே என்று டிக்கியில் குனிந்தது தப்பா? கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

காதர் பாய் அதற்குப் பிறகு வண்டி பார்க்கப் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் உடம்பு முடியவில்லை என்றார். பட்டறையைக் கைமாற்றிவிட்டுக் கடையநல்லூர் போனார். நானும் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். பேச்சி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வண்டி கேட்டு யார் வந்தாலும் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், உட்கார மாட்டாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். நசுங்கிய அந்த மணி அவள் பெட்டிக்குள் துணி சுற்றி இருக்கிறது.

கருவியோடு பிள்ளைகள் வந்துபோன மறுவாரம், தாராவியிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். பழைய டீசல் ஒன்று எடுத்துவிட்டார்கள், பெயரும் மாற்றியாயிற்று. ஊருக்கு ஓட்டிப் போகப் போகிறார்களாம். எந்த வேகத்தில் போனால் டீசல் மிச்சமாகும் என்று கேட்கத்தான் வந்தார்கள். வண்டி எங்கே ஓடியது என்று வழக்கம் போலக் கேட்டேன். "இங்கனக்குள்ளதான் அண்ணாச்சி, செம்பூரத் தாண்டல" என்றான். முதலில் லோனாவாலா ஏறி இறங்கி வாருங்கள் என்றேன்.

அந்தப் பெண் தயங்கினாள். "சாமிக்கு மொதல்ல காட்டாம வேற எங்கயும் ஓட்டக் கூடாதுன்னு அத்தை சொல்லி விட்டுருக்காவ" என்றாள்.

டீ கிளாஸ்களை வைத்துவிட்டுத் திரும்பிய பேச்சி நின்றாள். "எந்தச் சாமி?" என்று கேட்டாள். விபத்துக்குப் பிறகு வெளியாளிடம் அவள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"சுடலைமாடன்க்கா."

பேச்சி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "மொதல்ல லோனாவாலா போய்ட்டு வாங்கம்மா. மாடன் ஊர்ல நின்னுக்கிட்டுத்தான இருக்காரு. இன்னும் ஒரு நாளு நிப்பாரு."

மறுநாள் காலை அவர்கள் போனார்கள். திரும்பி வந்துவிட்டோம் என்று போன் வரும்வரை பேச்சி பால்கனியை விட்டு நகரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.